நீ ஜெபம் என்று சொன்ன வார்த்தை

"பிரியமுள்ள மகனுக்கு" என்று தொடங்கித்தான் உனக்கு எழுதிப் பழக்கம். நீ ஹாஸ்டலில் இருந்தபோது வாரம் தவறாமல் அப்படி எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அந்த வார்த்தை வர மறுக்கிறது. வராத பிரியத்தை வலிந்து எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நம் குடும்பத்துக்கு இப்போதைக்கு ஒரு பொய் போதும். அதனால் வெறும் மகனுக்கு எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி எங்கேயும் போகவில்லை. பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதையெல்லாம் நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கோயில் சேலையைக்கூட மாற்றவில்லை, உன் போன் வந்தது. "எம்மா, நவோமி உனக்கு மெசேஜ் அனுப்பியிருக்காங்களா?" என்றாய். ஆமாம் என்றேன். "பதில் போட்டுட்டியா?" என்றாய். இன்னும் இல்லை என்றேன். நீ பெருமூச்சு விட்டது ஜப்பானிலிருந்து இங்கே கேட்டது. "எம்மா, எனக்கு அந்த வார்த்தை சரியாப் புரிஞ்சிருக்காதுன்னு மட்டும் சொல்லிரு. சின்ன வயசுலயே ஹாஸ்டலுக்குப் போயிட்டான், எங்க ஊர்ப் பேச்சு அவனுக்கு அவ்வளவா வராதுன்னு சொல்லு. ஒரு வார்த்தைதான கேக்கேன்" என்றாய். யோசித்துச் சொல்லுதேன் என்று வைத்துவிட்டேன். பிள்ளை கேட்டு நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நீயும் அதைக் கவனித்திருப்பாய், அதனால்தான் மறுநாளிலிருந்து உன் போன் நிற்கவே இல்லை.

உனக்கு வேலை கொடுத்த நவோமி அனுப்பிய மெசேஜ் ரொம்பச் சின்னது. இங்கிலீஷில் ஒரே வரி. "உங்கள் மகனுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் அன்றைக்கே தெரியுமா?" அவ்வளவுதான். ஏன் கேட்கிறாள், என்ன செய்யப் போகிறாள், ஒன்றும் இல்லை. நான் தெரியாது என்று சொன்னால் நீ அவளிடம் வேலையில் இருப்பாய். தெரியும் என்று சொன்னால் இருக்க மாட்டாய். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனில் பேசினால் "எம்மா, நான் சொல்லுதத முதல்ல கேளு" என்று நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்துக்குள் உன்னால் புக முடியாது. நீ கேட்டதற்குப் பதில் வரும். அதுவரைக்கும் பொறுமையாகப் படி.

நீ செய்யும் வேலைக்கு இந்த ஊரில் பெயர் கிடையாது. இன்ஜினியராக ஜப்பான் போனாய், கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு கலைஞரிடம் சேர்ந்துவிட்டேன் என்றபோது யாருக்கு என்னவென்று சொல்வது? இருட்டறை, அதில் விளக்கு, அதில் சத்தம், ஆட்கள் வரிசையில் நின்று உள்ளே போய்ப் பார்க்கிறார்கள் என்றாய். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி, "டீச்சர், உங்க மகன் ஜப்பான்ல ரேடியோ செட் போடுதானாமே, உள்ளதுதானா?" என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் குமுறினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி, உள்ளதத்தான சொல்லியிருக்கா. நம்ம ஊர்ல கல்யாண வீட்டுல ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் சும்மா போடுதான். உன் மவன் அதையே போடுதான், ஜப்பான்காரன் டிக்கெட் எடுத்துப் பாக்கான். இதுல கெட்டிக்காரன் யாரு?" என்றார். அவர் உன்னை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

நவோமியைப் பற்றி நீ போனில் சொல்லச் சொல்ல எனக்கு உன்னைவிட அவள் மேல்தான் மதிப்பு வந்தது. சின்னத் துறைமுக ஊரில் பிறந்தவள். அப்பா பழைய ஃப்ரிட்ஜ்களைப் பழுதுபார்க்கிறவர். அவள் முதன்முதலாகச் செய்ததே அந்த ஃப்ரிட்ஜ்களை வைத்துத்தான் என்று சொன்னாய். ஒரு கொட்டகையில் அவற்றை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றும் உறுமுகிற உறுமலைப் பெரிதாக்கி, நடுவில் அவள் அசையாமல் நிற்பாள். பார்க்க வந்தவர்கள் அவளுடைய சிநேகிதிகள் மட்டும். அடுத்து நெஞ்சில் எதையோ ஒட்டிக்கொண்டு, இதயம் துடிக்கத் துடிக்க விளக்குகள் எரிந்து அணைவதுபோல் மேடையில் ஆடினாள். அதை நாலு பேர் பாராட்டினார்கள். அந்தத் தெம்பில் பெரிய சரக்குக் கிட்டங்கி ஒன்றைப் பிடித்து, கண்ணைக் குருடாக்கும் வெளிச்சமும் காதைக் கிழிக்கும் இரைச்சலுமாக ஒன்றைப் போட்டாள். ஜனங்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். இது கலை இல்லை, சித்திரவதை என்று எழுதினார்களாம். அதற்குப் பிறகு பல வருஷம் அவளைக் கூப்பிட ஆள் இல்லை. பாட்டுக் கச்சேரிகளுக்கு விளக்குப் போடப் போனாள், ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்தாள். அவள் அம்மா கடைசிவரைக்கும், உனக்கு என்னதான் வேலை என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது, நானும் உன்னை அதேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு காதும் மெல்ல மெல்லக் கேட்காமல் போனது. வேறு யாராக இருந்தாலும் சத்தத்தோடு மல்லுக்கட்டும் தொழிலை அத்தோடு விட்டிருப்பார்கள். அவள் தரையில் கன்னத்தை வைத்துக் கேட்கப் பழகினாள். காதுக்கு எட்டாததை நெஞ்சுக் குழியில் வாங்கும்படி அறைகளைச் செய்தாள். அதில்தான் அவள் பெயர் எடுத்தாள், தலை நரைத்த பிறகு. நீ அவளிடம் சேர்ந்தது அந்தக் கட்டத்தில். மேஜைக்கு அடியில் தவழ்ந்து வயர் மாட்டுவாய், ஏணியில் ஏறி விளக்குக் கட்டுவாய், சுவரில் அவள் பெயர் இருக்கும், உன் பெயர் இருக்காது. அது உன்னை உறுத்தியது. "நான் செஞ்சதுலா எல்லாம்" என்று ஒருநாள் என்னிடமே சொன்னாய். நான் ஆறுதல் சொன்னேன். என் பிள்ளை பெயர் ஒரு சுவரில் வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், மறைக்கவில்லை.

அவளை நீ வீட்டுக்குக் கூட்டி வந்தபோது தெருவே திரண்டு வந்தது. நவோமி என்று பெயர் சொன்னதும் எல்லாரும் அவளைக் கிறிஸ்தவள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நம் சபையிலேயே அந்தப் பெயரில் இரண்டு மூன்று பேர் உண்டே. பெண்கள் கூட்டத்துக்குக் கூட்டிப்போய், ஜப்பான் சகோதரி இப்போது ஜெபம் செய்வார்கள் என்று அறிவித்தும் விட்டார்கள். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து நின்று இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டுவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. எல்லாரும் ஆமென் என்றார்கள். "எம்புட்டுத் தாழ்மை பாத்தியளா!" என்று அதைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள். ஜப்பானில் அது ஒரு பெண் பெயர், அவ்வளவுதான் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நாம் கேட்க ஆசைப்படுவதைத்தான் நம் காது கேட்கும், இதற்கு நானும் விலக்கில்லை.

அவளை மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிப்போனாய். தண்ணீர்ச் சத்தத்தை எல்லாரும்தான் ரெக்கார்ட் பண்ணி எடுத்துவிட்டார்களே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, திரும்பும் வழியில் அணையின் கம்பிக் கைப்பிடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாளாம். அங்கே கிடைக்காதது நம் வீட்டில் கிடைத்தது. உன் அப்பாவுக்கு நுரையீரல் சுருங்கிப்போய், படுக்கைப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தரையில் படுத்துக் காதை வைத்தாள். மெஷினின் உறுமலும் அதற்குள் உன் அப்பாவின் மூச்சும். எழுந்து அவரிடம் கையைக் குவித்து, உங்கள் மூச்சை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நீதான் தமிழில் சொன்னாய். அவர் முகக்கவசத்தை விலக்கிவிட்டு, "எடுத்துக்கிடட்டும்லே. நான்தான் ஜப்பான் பாக்கல, என் மூச்சாவது போயி பாத்துட்டு வரட்டும்" என்றார். அவர் மனதாரக் கொடுத்தார், அவள் கேட்டு வாங்கினாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துவிட்டு, வேறு ஊரில் வேலை இருக்கிறது என்று அவள் கிளம்பிப் போய்விட்டாள். அப்பாவோடு இருந்துவிட்டு வா என்று உன்னை விட்டுவிட்டுப் போனாள். அவள் விட்டுவிட்டுப் போனது அப்பாவோடு இருக்க. ரெக்கார்டிங் மெஷினோடு இருக்க இல்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில், பால்காரர் வந்து போன பிறகு, அவருக்கு மேல்மூச்சு வாங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சபை ஐயரை ஜெபத்துக்கு அழைத்துவர ஓடினார். நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீ எங்கே இருந்தாய்? தலைமாட்டில் குத்தவைத்து, ரோமம் வைத்த மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தாய். அவர் கண் உன்னைத் தேடியது. நீ பெட்டியில் ஏறி இறங்கும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் சொன்னேன். "எய்யா, நிப்பாட்டுலே. போதும்யா. நிப்பாட்டுலே." சத்தம் போட்டுச் சொல்லத் தெம்பில்லை. அழுகையும் மூச்சிரைப்புமாக, பாட்டுப் போல இழுத்து இழுத்துத்தான் வந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, பேசாதே என்று கையைக் காட்டினாய். என் புருஷன் சாகும்போது, என் வீட்டில், நான் பெற்ற பிள்ளை, என்னைப் பேசாதே என்று கையைக் காட்டினான். அன்றைக்கு அடக்கத்துக்கு ஆள் சேரச் சேர நான் அதை மறக்கப் பார்த்தேன். துக்கத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதம், உனக்குக் கையில் ஒரு மெஷின் தேவைப்பட்டது என்று எனக்கு நானே சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக மறந்தும் விட்டேன்.

நீ திரும்பிப் போன அடுத்த வருஷம் அந்த மூச்சை வைத்துச் செய்த வேலை வெளியே வந்தது. அதற்கு வழியனுப்புதல் என்று அர்த்தம் வருகிற ஜப்பான் பெயர். அப்பாவுடைய மூச்சு ஏற வெளிச்சம் ஏறுமாம், இறங்க இறங்குமாம். அவள் வாழ்நாளில் செய்ததிலேயே பெரியது அதுதான் என்று எல்லாரும் சொல்வதாகச் சொன்னாய். சுவரில் அவள் பெயருக்குப் பக்கத்தில் முதல் தடவையாக உன் பெயர். அந்தப் போட்டோவைக் கோயிலில் காட்டாத ஆள் இல்லை. ஊர் ஊராக அது போனது, ஊர் ஊராகப் போட்டோ அனுப்பினாய். ஒரு வீடியோ அனுப்பேன், அப்பா மூச்சை நானும் ஒரு தடவை கேட்கிறேன் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். "வீடியோல நல்லா இருக்காதும்மா" என்பாய். சத்தத்தை விற்றுப் பிழைப்பவன் அம்மாவுக்கு மட்டும் சத்தமில்லாத படமாகவே அனுப்புகிறானே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொச்சிக்கு அது வருகிறது என்றபோதும் நீ என்னைக் கூப்பிடவில்லை. நவோமிதான் கூப்பிட்டாள். இவ்வளவு பக்கத்தில் அம்மா இருக்கும்போது அவர் வராமல் நான் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். உடனே நீ போன் போட்டு, "எம்மா, முழங்கால் வலியோட ரயில்ல எப்படி வருவ? பேசாம வீட்டுல இரி" என்றாய். என் முழங்கால் மேல் உனக்கு வந்த கரிசனத்தில் நான் உருகிப்போனேன். அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிற உன் மாமா கடையைச் சாத்திவிட்டுத் துணைக்கு வந்தான். கொச்சியில் பழைய கிட்டங்கி ஒன்றின் வாசலில் நவோமி குனிந்து வணங்கி, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வாசல் சுவரில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நின்று வாசித்தேன். தமிழகத்தின் தென்கோடியில், சாகிறவரின் காதில் மனைவி சொல்லும் வழியனுப்பும் ஜெபம் என்று எழுதியிருந்தது. நம் சபையில் அப்படி ஒரு வழக்கமே கிடையாதே, யாரைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

கும்மிருட்டு. மெள்ள ஒரு வெள்ளை வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கியது. காலுக்கு அடியில் தரை அதிர்ந்தது, அதோடு அவருடைய மூச்சு. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, இது நம்ம அத்தான்லா" என்று விம்மினான். எனக்கும் அவரை மறுபடி பார்த்த மாதிரிதான் இருந்தது, அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் உன்னை ஆசீர்வதித்தேன். பிறகு ஒரு பெண்ணின் குரல் வந்தது. நாலு பக்கமிருந்தும், ஒன்றன்மேல் ஒன்றாக. மாமா, "யக்கா, இது உன் சத்தம்லா? நிப்பாட்டுலேன்னுலா சொல்லுத!" என்று உரக்கச் சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்த ஒரு பெண் உஷ் என்று அவனை அடக்கினாள். சுற்றிலும் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அழுதார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மூச்சு முடிகிற இடத்துக்கு வந்ததும் வெளிச்சம் அணையும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவரைத் தினமும் சாகடித்துத் தினமும் எழுப்பிக்கொண்டிருந்தீர்கள். நானும் தினமும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது நவோமி நாற்காலி போட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். என்னிடம் ஒரு உதவி வேண்டும் என்றாள். ஒவ்வொரு ஊரிலும் திறப்பதற்கு முன்னால் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வட்டமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, உன் அப்பாவின் நினைவாக அந்த ஜெபத்தைச் சொல்வார்களாம். தன் உச்சரிப்பு சரியில்லை, அம்மாவே சொல்லித்தந்தால் நல்லது என்றாள். சொல்லியும் காட்டினாள். கண்ணை மூடி, கையைக் குவித்து, பயபக்தியோடு, "நிப்பாத்துரே, நிப்பாத்துரே." எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. என் மகனும் உங்களோடு நின்று சொல்வானா என்று கேட்டேன். அவன்தான் முதலில் சொல்வான், நாங்கள் அவன் பின்னால் சொல்வோம் என்றாள். நீ அங்கேதான் நின்றாய், எய்யா. உன் முகத்தைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

நான் டீச்சர் வேலை பார்த்தவள், இங்கிலீஷ் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. இது ஜெபம் இல்லை, ரெக்கார்டிங் மெஷினை நிறுத்து என்று என் மகனிடம் நான் சொன்னது என்றேன். நீ அவசர அவசரமாக ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னாய். அவள் உன் பக்கம் திரும்பவில்லை. கேட்கிற காதை என் பக்கம் வைத்து, மறுபடியும் சொல்லுங்கள் என்றாள். மறுபடியும் சொன்னேன். எழுந்து உள்ளே போனாள். யாரையும் ஏவவில்லை, தானே போய் அணைத்தாள். வெளிச்சம் பாதி ஏறிய நிலையில் இருட்டாகிவிட்டது. அதுதான் முடிவு என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். உன் அப்பாவுக்கு அன்றைக்குத்தான் உயிர் போனது. திரும்பி வந்தவள் என் முன்னால் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள். நான் பதறிப்போய்த் தூக்கினேன். அவள் எதற்குக் குனிய வேண்டும்? குனிய வேண்டியவன் அந்தப் பக்கம் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

இனி எந்த ஊரிலும் அது ஓடாது என்று அவள் அறிவித்துவிட்டாள். "எம்மா, நீ சொன்ன ஒரு வார்த்தையில அவங்க வாழ்க்கையே போச்சு" என்கிறாய். அவள் வாழ்நாளெல்லாம் காத்திருந்து அடைந்த இடம் அது என்பது எனக்குத் தெரியாதா? ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே தனியாக நின்றவள், ஜனங்கள் எழுந்து ஓடியதைப் பார்த்தவள், அதையெல்லாம் தாண்டி வந்து கிடைத்ததைத் தன் கையாலேயே அணைத்திருக்கிறாள். அர்த்தம் தெரிந்த பிறகு அவளால் ஒரு நிமிஷம் அதை ஓடவிட முடியவில்லை. அர்த்தம் தெரிந்தே நீ வருஷக்கணக்கில் ஓடவிட்டாய். அந்த அறையில் எத்தனையோ பேர் ஆறுதல் அடைந்தார்கள் என்றும் சொன்னாய். இருக்கும். புருஷனைப் பறிகொடுத்த எவளோ ஒருத்தி அங்கே உட்கார்ந்து மனம்விட்டு அழுதிருப்பாள். அந்த அழுகை உண்மையானது, அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். உண்மையாக அழ வந்தவளுக்கு நீ என்ன கொடுத்தாய்? நிறுத்து என்று ஒருத்தி கெஞ்சுவதைக் காட்டி, அவள் உனக்காக ஜெபிக்கிறாள் என்று சொல்லிக் கொடுத்தாய். மூச்சை எடுக்க அனுமதி கேட்டது ஜப்பான்காரி. என் வார்த்தையை எடுக்க நீ யாரிடம் கேட்டாய்?

இப்போது சொல், ஊர்ப் பேச்சு உனக்குப் புரியாதா? ஒன்பதாம் வகுப்பில்தான் ஹாஸ்டலுக்குப் போனாய். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு, கோயிலில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, பிரசங்கம் நடக்கும்போதே நீ எதையோ திருக, மைக் நாய் மாதிரி ஊளையிட்டது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து, "நிப்பாட்டுலே!" என்று கத்தினேன். நீ திருகியதை நிறுத்தவில்லை, ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். தன்னைத்தான் சொன்னேன் என்று நினைத்து அங்கியைப் பிடித்துக்கொண்டு அவர் முழித்த முழியில் கோயிலே கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு உன் அப்பா சாப்பாட்டு மேஜையில் நான் கூடக் கொஞ்சம் பேசினால் போதும், உன்னைப் பார்த்துக் கண்ணடித்து அந்த வார்த்தையைச் சொல்வார், நீ புரையேறச் சிரிப்பாய். உலகத்தில் உள்ள அத்தனை மொழியையும் நீ மறந்தாலும் அந்த ஒரு வார்த்தையை மறக்க மாட்டாய். அப்பா போன அன்றைக்கு உன் காதில் ஹெட்போன் வேறு இருந்தது. அந்த அறையில் இருந்த எல்லாரையும்விட உனக்குத்தான் என் குரல் பெரிதாகக் கேட்டது.

ஆனாலும் இந்த வாரம் முழுக்க நான் யோசித்தேன், பொய் சொல்லக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. நீ மேஜைக்கு அடியில் தவழ்ந்த வருஷங்களை நினைத்தேன். சுவரில் உன் பெயர் இருந்த போட்டோவை நினைத்தேன். பெற்றவள் ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும், எந்தத் தாய் சொல்லாத பொய் இது என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். போனை எடுத்துத் தெரியாது என்று அடித்தும் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று புரிந்தது. நீ சொன்ன பொய்யில் நான் ஜெபம் செய்கிறவள். இப்போது நான் சொல்ல வேண்டிய பொய்யில் நான் பேசுவது என் பிள்ளைக்கே புரியாதவள். இரண்டிலும் நான் சொன்னதை மட்டும் நான் சொல்லவே இல்லை. அழித்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி எதுவும் மிச்சமில்லை. வேறு வேலை கிடைக்கும், நீ கைத்திறன் உள்ளவன். வீட்டுக்கு வருவதென்றால் வா, சாப்பாடு போடுவேன், ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ எனக்கும் ஒரு அர்த்தம் சொல்லித்தருவாய். நவோமிக்கு இன்று காலையில் ஒரே வார்த்தை அனுப்பினேன், தெரியும் என்று. அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா